வெறுங்காணி என்று யார் சொன்னது?
வேடர் இழந்த காடும் நமது காணிகளும்

“பாவனையில் இல்லாத காணி” என்ற சொற்றொடரைப் பிரதேச செயலகத்திலோ காணிக் கந்தோரிலோ நம்மிற் பலர் கேட்டிருப்போம். வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்துறையிலும் 1990, 1991ஆம் ஆண்டுகளில் நாம் விட்டுவிட்டு வந்த வளவுகள் பல இன்று பற்றையும் வடலியுமாய்க் கிடக்கின்றன. கிணறு தூர்ந்துவிட்டது. எல்லைக் கல் எங்கே என்பதை முதியவர் ஒருவரைக் கூட்டிச் சென்றுதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வந்து பார்க்கும் உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது வெறுங்காணி. அங்கே மூன்று தலைமுறை புகையிலை நட்டதும், மாரியில் நெல் விதைத்ததும், பேரனுக்குத் தொட்டில் கட்டியதும் அவருடைய படிவத்தில் எழுதுவதற்கு இடமில்லாத விடயங்கள்.

இந்தச் சொற்றொடருக்கு நூற்றெண்பது வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனால் மிகக் கூடுதலாக இழந்தவர்கள் நாமல்லர். இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடர்களே. அவர்களுடைய கதையைத் தீவக விவசாயக் குடும்பங்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அவர்களுடைய காட்டை எடுத்த சட்டமும் நமது காணியை நோக்கி நீளும் சட்டமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அதுவே காரணம்.

வேடர் யார்?

வேடர்கள் தங்களை “வன்னியலா எத்தோ” என்று அழைத்துக்கொள்கிறார்கள். காட்டில் வாழும் மக்கள் என்பது அதன் கருத்து. நம்முடைய “வன்னி”யை அந்தப் பெயரில் கேட்கும்போது இந்தத் தீவின் மொழிகள் எவ்வளவு நெருங்கிப் பழகியவை என்பதும் தெரிகிறது. ஊவாவிலும் கிழக்கிலும் வடமத்திய மாகாணத்திலும் சிதறி வாழும் இவர்களிற் பலர் இன்று சிங்களம் பேசுகிறார்கள். மட்டக்களப்பு, திருகோணமலைக் கரையோரத்தில், வாகரை, பனிச்சங்கேணி, வெருகல், மூதூர்ப் பக்கங்களில் வாழும் வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள். மீன்பிடி, தேனெடுத்தல், சேனைப் பயிர்ச்செய்கை என்பன அவர்களின் தொழில்கள். போர்க் காலத்தில் வாகரை மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். 2004ஆம் ஆண்டின் கடற்கோளில் அவர்களும் அடிபட்டார்கள். ஆனால் நிவாரணப் பட்டியலில் அவர்கள் “தமிழர்” என்ற தலைப்பிற்குள் அடங்கிவிட்டார்கள். கதிர்காமத்து வள்ளியை வேடர் குலத்துப் பெண் என்று போற்றும் நாம், அடுத்த ஊரிலுள்ள வேடக் குடும்பத்தை எவ்வாறு நடத்தினோம் என்பதைச் சொல்லாமல் அரசாங்கத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

குடிசன மதிப்பீடுகளைப் பார்த்தால் இவர்கள் எண்ணிக்கையில் தேய்ந்து போனதாகத் தோன்றும். 1911இல் 5,300க்கு மேல், 1946இல் 2,361, 1953இல் எண்ணூறு அளவில் என்று கணக்குக் காட்டப்பட்டது. 1981, 2012ஆம் ஆண்டுகளின் மதிப்பீடுகளில் வேடர் என்ற தனி வரியே இல்லை. இத்தனை பேரும் இறந்துவிடவில்லை. கணக்கெடுக்க வந்தவர் சிங்களம் பேசியவரைச் சிங்களவர் என்றும், தமிழ் பேசியவரைத் தமிழர் என்றும் எழுதிக்கொண்டு போனார். வேடர் என்று சொல்ல வெட்கப்பட்டவர்களும் இருந்தார்கள். எப்படியாயினும், பட்டியலில் இல்லாத மக்களுக்குக் காணி இருந்தது என்று வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

1840: ஒரு வரி எழுதியதால் வந்த வினை

பிரித்தானியர் 1840ஆம் ஆண்டிலே 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. காடாகவோ தரிசாகவோ குடியிருப்பாரின்றியோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தமானதென்றே கருதப்படும் என்பது அதன் சாரம். பல வருட இடைவெளிவிட்டுப் பயிரிடப்படும் சேனைகள் கண்டிப் பகுதிகளிலே காடாகவே கொள்ளப்பட்டன. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. மூன்றாவது சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இங்கே கவனிக்க வேண்டியது நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டது என்பதே. “இது உன்னுடையதல்ல” என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. “இது என்னுடையது” என்று குடியானவனே நிரூபிக்க வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் உழுத தடமாவது வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேடிய காலத்தில் இது துரைமாருக்கு மிக வசதியாக இருந்தது. கண்டிக் கிராமத்து விவசாயிகள் தங்கள் சேனைகளையும் மேய்ச்சல் தரைகளையும் இழந்தார்கள். வேடருக்கோ எழுத்தும் இல்லை, உழுத தடமும் இல்லை.

அப்படியானால் அவர்களுக்குக் காணி பற்றிய எண்ணமே இருக்கவில்லையா? இருந்தது, நம்மைவிட நுட்பமாகவே இருந்தது எனலாம். செலிக்மன் தம்பதியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடர்களிடையே ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட நூலில் இது விரிவாகப் பதியப்பட்டுள்ளது. வேட்டைக் காடும், மலைத்தேன் கூடு கட்டும் பாறையும், மழைக்கு ஒதுங்கும் குகையும் இன்ன குடும்பத்துக்கு உரியவை என்று வரையறை இருந்தது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், சில வேளைகளில் மருமகனுக்கும் அவை கைமாறின. பிறருடைய காட்டில் கேளாமல் வேட்டையாடுவது பெருங்குற்றமாக எண்ணப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் முதுசமும் சீதனமும் எவ்வாறு இன்னாருக்கு இன்னது என்று பிரிக்கப்படுகின்றனவோ, அவ்வாறே அங்கும் ஒரு வழமை இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், ஒல்லாந்தர் நமது காணிகளைத் தோம்பிலே பதிந்து, தேசவழமையையும் 1707இல் எழுத்தில் தொகுத்துவிட்டார்கள். வேடருடைய காட்டுக்குத் தோம்பு எழுத எவரும் போகவில்லை.

கல்லோயாவும் மாதுறு ஓயாவும்

சுதந்திரம் கிடைத்தபின் இந்தப் போக்கு மாறவில்லை, வேகம் கொண்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அந்த நீர் பரவிய பள்ளத்தாக்கும் சுற்றுக் காடும் வேடருடைய வேட்டை நிலமாக இருந்தவை. கல்லோயா என்றால் நமது மேடைகளில் சிங்களக் குடியேற்றம் பற்றியே பேச்சு எழும். அது நியாயமான முறைப்பாடுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் முதலில் அமிழ்ந்தது யாருடைய நிலம் என்ற கேள்வி அந்த மேடைகளில் அரிதாகவே எழுந்திருக்கிறது. 1950களில் வேடரை அரசாங்கம் “பின்தங்கிய சமூகம்” என்ற வகையிலே வைத்து, வீடும் விதைநெல்லும் கொடுத்து விவசாயிகளாக்க முனைந்தது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை முறை இருந்தது என்பது அந்த ஏற்பாட்டில் எங்கும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

மாதுறு ஓயாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். முப்பது ஆண்டுகளில் முடிப்பதாக வரையப்பட்டிருந்த மகாவலித் திட்டத்தை ஆறே ஆண்டுகளில் முடிப்பதென்று 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் தீர்மானித்தது. கனடாவின் உதவியுடன் மாதுறு ஓயா அணை கட்டப்பட்டது. பெருங்காடுகள் வெட்டப்பட்டு வயல்களாயின. வெட்டிய காட்டிலிருந்த யானைகளுக்கும் ஏனைய விலங்குகளுக்கும் இடம் வேண்டும், நீரேந்து பகுதியும் காக்கப்பட வேண்டும் என்ற காரணங்களால் 1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசியப் பூங்கா வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு 58,000 ஹெக்டேயருக்கு மேல். தம்பானை வேடரின் எஞ்சிய வேட்டைக் காடு அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. வெட்டிய காடு குடியேறியவர்களுக்கு, வெட்டாத காடு விலங்குகளுக்கு என்றாயிற்று. வேடருக்கு இரண்டிலும் பங்கில்லை.

தேசியப் பூங்கா என்றால் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கே செல்லும். அனுமதிச் சீட்டு இன்றி உட்செல்வது, வேட்டையாடுவது, தேனெடுப்பது, சேனை வெட்டுவது எல்லாம் குற்றம். முதல் நாள் வரை தகப்பன் காட்டில் தேனெடுத்தவன் மறுநாள் திருடனாகிவிட்டான். அந்த மக்கள் கைதாகி நீதிமன்றில் நின்றதும், தண்டம் கட்டியதும் அடுத்த ஆண்டுகளின் வழக்கமான செய்திகளாயின.

அவர்களுக்கு மாற்றிடம் கொடுக்கப்படாமல் இல்லை. ஹெனானிகல என்ற மகாவலிக் குடியேற்றத்தில் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும், வீட்டுக்கு அரை ஏக்கரும், அதாவது நமது கணக்கில் எட்டுப் பரப்பும் வழங்கப்பட்டன. வாய்க்கால் தண்ணீருடன் இரண்டரை ஏக்கர் வயல் என்றால் தீவகத்து விவசாயிக்கு வாய் ஊறும். உவர்க் கிணற்றிலிருந்து பட்டை கட்டி இறைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதனாலேயே இந்த இடத்தில் நாம் அவசரப்படாமல் யோசிக்க வேண்டும். கலப்பை பிடித்தறியாத ஒருவருக்கு வயலைக் கொடுத்தால், அத்துடன் விதைநெல், உரம், கிருமிநாசினி, உழவு இயந்திரக் கூலி, வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கிறோம். தண்ணீர் திறக்கும் நாளை இன்னொருவர் தீர்மானிப்பார். அந்தக் காணியைத் துண்டாட முடியாது. உரித்தாளி ஒருவரையே நியமிக்கலாம். நான்கு பிள்ளைகள் இருந்தால் மூவருக்குக் காணி இல்லை. பழைய காட்டில் அந்த மூவருக்கும் இடம் இருந்தது. அக்கம்பக்கத்தில் பெரும்பான்மையாகக் குடியேறியவர்களின் மொழியும் வழக்கமும் பாடசாலையிலேயே பிள்ளைகளை மாற்றிவிட்டன. சில ஆண்டுகளில் பல குடும்பங்கள் தம்பானைக்கே திரும்பிவிட்டன.

தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பத்தாரும் ஆரம்பத்திலேயே போக மறுத்து அங்கேயே இருந்தார்கள். தாம் பிறந்த இடத்தைவிட்டுப் போவதில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. பிறப்பத்தாட்சி இல்லாத அவர் நூறு வயதைக் கடந்தவர் என்று சொல்லப்பட்டது. 1998இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னிலா எத்தோ தலைவரானார். இவர் 1996இலேயே ஜெனீவாவுக்குச் சென்று, ஆதிக்குடிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தவர். 2020இல் பொல்லெபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்காகக் காடு வெட்டப்பட்டபோது, சூழல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே மனுத் தாக்கல் செய்தவரும் இவரே. 1983இல் காட்டைக் காப்பதற்கென்று வேடரை வெளியேற்றினார்கள். முப்பத்தேழு வருடங்களின் பின் காட்டைக் காக்கும்படி வேடர் தலைவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் அரசின் போக்கில் இன்னொரு மாற்றம் வந்தது. “பின்தங்கியவர்கள்” என்று ஒதுக்கப்பட்டவர்கள் “நமது பாரம்பரியம்” என்று கொண்டாடப்படுகிறார்கள். தோளில் கோடரியுடன் தலைவரை அழைத்து வைபவங்களில் முன்வரிசையில் அமர்த்துகிறார்கள். தம்பானைக்கு உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்; தேனும் அம்பும் வில்லும் விலைப்படுகின்றன. இதனால் சில குடும்பங்கள் சீவிக்கின்றன என்பதால் இதை முற்றாகக் குறைசொல்ல முடியாது. ஆனால் பண்பாட்டைப் பாராட்டுவதற்கு அரசுக்குச் செலவு குறைவு. காணியைத் திருப்பிக் கொடுப்பதற்குச் செலவு கூட. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஆதிக்குடிகள் என்ற சொல் இடம்பெறவில்லை.

உலகம் என்ன சொல்கிறது?

ஆதிக்குடிகள் பற்றிச் சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1957இல் முதல் உடன்படிக்கையைச் செய்தது. அவர்களை மெல்ல மெல்ல நாட்டின் பொது வாழ்வில் கரைத்துவிடுவதே நல்லது என்ற எண்ணம் அதிலே இருந்தது. 1989இல் அதே ஸ்தாபனம் அதைத் திருத்தி 169ஆம் இலக்க உடன்படிக்கையைச் செய்தது. அவர்கள் அவர்களாகவே இருப்பதற்கு உரிமை உண்டு என்பது இதன் அடிப்படை. இலங்கை இதில் இணையவில்லை. 2007 செப்ரெம்பர் 13இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. முழு விபரம் அறிந்து, முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி அவர்கள் கொடுக்கும் சம்மதம் இல்லாமல் அவர்களை நிலத்திலிருந்து அகற்றக்கூடாது என்கிறது அப்பிரகடனம். எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கு: அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. மாதுறு ஓயா அணைக்குப் பணம் தந்த நாடும் அதில் ஒன்று என்பதைக் குறித்துக்கொள்ளலாம். இந்த நான்கும் பின்னர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. பிரகடனத்துக்குச் சட்ட வலு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

தீவார் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று அவுஸ்திரேலியாவில் நடந்தது. அதன் வடகோடியில் ரொறஸ் நீரிணையிலே மேர் என்றொரு சிறு தீவு உண்டு. நமது நெடுந்தீவினும் பன்மடங்கு சிறியது. அங்குள்ள மக்கள் கடற்றொழிலும் தோட்டச் செய்கையும் செய்பவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தோட்டத் துண்டு உண்டு. எல்லை மரத்தாலும் கல்லாலும் அறியப்பட்டது. 1879இல் குயின்ஸ்லாந்து அரசு தீவைத் தன் ஆள்புலத்துடன் இணைத்துக்கொண்டது. வெள்ளையர் வந்தபோது அவுஸ்திரேலிய மண் எவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் அத்திவாரமாக இருந்தது. இதை எதிர்த்து எடி மாபோ என்பவரும் மேலும் நால்வரும் 1982இல் வழக்கு வைத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985இல், தீவாரின் உரிமைகளை முற்றாக இல்லாதொழிக்கக் குயின்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் இயற்றியது. 1988இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. சாட்சியம் கேட்பதற்காக 1989இல் நீதிபதி தீவுக்கே போனார். எந்தத் தோட்டம் யாருடையது, பாட்டன் நட்ட மரம் எது, எந்தக் கல்லுக்கு இப்பால் அயலவன் கை வைக்கக்கூடாது என்று முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. 1992 யூன் 3இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் அறுவர் மேர் மக்களுக்குத் தங்கள் தீவில் உரிமை உண்டென்றார்கள். மாபோ அதைக் கேட்க உயிருடன் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஏற்கெனவே பிறருக்கு உறுதி எழுதிக் கொடுத்த நிலங்களை அந்தத் தீர்ப்பால் மீட்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்நாட்டு ஆதிக்குடிகளிற் பெரும்பாலானோருக்கு அது காலம் பிந்திய நீதியே.

இடம்பெயர்ந்தோரும் ஆதிக்குடிகளும் ஒரே வரியில் சந்திக்கும் ஆவணம் ஒன்றும் உண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளே அவை. ஆதிக்குடிகள், சிறுபான்மையினர், விவசாயிகள், கால்நடை மேய்ப்போர், மற்றும் நிலத்தோடு தனிப்பட்ட பிணைப்பு உள்ளவர்கள் இடம்பெயர்க்கப்படாதவாறு காப்பது அரசுகளின் விசேட கடமை என்கிறது ஒன்பதாவது கோட்பாடு. இடம்பெயர்ந்தோர் விட்டுச் சென்ற சொத்தைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது இருபத்தோராவது. “விட்டுச் சென்றது” வேறு, “கைவிட்டது” வேறு.

நமது பக்கம்

1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்துக்கு வருவோம். அதன் 4ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானியில் அறிவித்தல் ஒன்று வந்தால், அதிலே குறிக்கப்பட்ட காணிக்கு உரிமை கோருபவர் மூன்று மாதத்துக்குள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். எவரும் கோராவிட்டால் அது அரச காணியாகப் பிரகடனமாகலாம். 2025 மார்ச் 28இல் வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைக் குறித்து இப்படியோர் அறிவித்தல் வெளியானது; அதில் 3,600 ஏக்கருக்கு மேல் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தவை. பல இலட்சம் பேர் வெளிநாட்டிலும் வெளிமாவட்டத்திலும் இருக்க, உறுதிகள் ஷெல்லடியிலும் ஓட்டத்திலும் தொலைந்திருக்க, மூன்று மாதம் என்பது எவ்வளவு? எதிர்ப்புக் கிளம்பியது. அறிவித்தலை மீளப்பெறப்போவதாக அரசாங்கம் சொன்னது. யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது; நாளை இன்னோர் அரசாங்கம் இன்னோர் அறிவித்தலை வெளியிடத் தடையேதும் இல்லை.

நெடுந்தீவைப் பாருங்கள். 2015 யூன் 22இல் அங்கே சுமார் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அது. குதிரைகளைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. நெடுந்தீவையும் மாதுறு ஓயாவையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியல்ல. வேடருக்கு நேர்ந்த கதி நெடுந்தீவாருக்கு நேர்ந்துவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. எனினும் இரண்டிலும் செல்லும் சட்டம் ஒன்றே. பூங்காவின் எல்லை எங்கே போகிறது, அயலில் மாடு ஆடு வைத்திருப்பவரின் வழமையான மேய்ச்சல் வழி அதற்கு உள்ளேயா வெளியேயா, அதற்குள் தனியாருக்குப் பங்கு உண்டா என்பவற்றை வரைபடத்தை விரித்துப் பார்த்து அறிந்து வைத்திருப்பது நெடுந்தீவாரின் வேலை. நெடுந்தீவிலிருந்து இடம்பெயர்ந்து இருப்பவர்களின் வேலையும்தான். மண்டைதீவில் கடற்படை முகாமுக்காகத் தனியார் காணியை அளக்க வந்த நில அளவையாளர்களை உரிமையாளர்கள் கூடி நின்று திருப்பியனுப்பியதை நாம் அறிவோம். அங்கே ஆட்கள் இருந்தார்கள், உறுதி இருந்தது, செய்தியாளர்கள் வந்தார்கள். தம்பானையில் 1983இல் இவை ஒன்றுமே இருக்கவில்லை.

நமக்கும் வேடருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பாராளுமன்ற உறுப்பினரும் சட்டத்தரணியும் பத்திரிகையும் நொத்தாரிசும் நமக்கு உண்டு. எழுத்து உண்டு. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு நமக்கு நியாயம் கிடையாது.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு நல்ல முன்மாதிரி. போர்ச் சூழலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களின் காணியைப் பிறர் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டிருந்தாலும், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அது ஏற்பாடு செய்தது. ஆனால் வழக்கு வைக்க ஈராண்டு அவகாசமே தந்தது. நம்மிற் பலர் அப்படியொரு சட்டம் வந்ததையே அறியவில்லை. இடம்பெயர்ந்தவர் வெளியில் இருந்த காலம் “பாவிக்காத காலம்” ஆகாது என்ற கோட்பாடு ஒருமுறை பாராளுமன்றத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது. அதைக் காணி நிர்ணயச் சட்டத்துக்கும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கும் விரிக்கும்படி கேட்பதே நமது பிரதிநிதிகளிடம் நாம் வைக்க வேண்டிய முதற் கோரிக்கை.

அதுவரையில் செய்யக்கூடியவை சில உண்டு. காணி பாவனையில் இருந்தது என்பதற்கு உறுதி மட்டும் சான்றல்ல. பிரதேச சபைக்குக் கட்டிய வரிப் பற்றுச்சீட்டு, பழைய நில அளவைப் படம், கூட்டுறவுச் சங்கத்திலோ கமநல சேவை நிலையத்திலோ பெற்ற உர மானியச் சீட்டு, அந்த வளவில் எடுத்த கலியாணப் படம் எல்லாம் சான்றுகளே. நெடுந்தீவிலே பவளக் கற்களை அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன. சாந்து இல்லாமல் அடுக்கிய அந்த வேலியைப் போல எல்லை காட்டும் சாட்சி வேறில்லை. அதன் கல்லை வேறு வேலைக்கு எடுக்க விடாதீர்கள். மேர் தீவில் நீதிபதிக்கு எல்லையைக் காட்டியவர்கள் முதியவர்களே. நமது முதியவர்களையும், உடலில் வலு உள்ளபோதே, காணிக்குக் கூட்டிச் சென்று நாற்றிசை எல்லைகளைச் சொல்லவைத்து, கைத்தொலைபேசியிலாவது பதிந்து, கிராம சேவையாளர் அறிய எழுதி வையுங்கள்.

உறுதியைத் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் ஆண்டும் ஓரளவு தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். இலக்கம் மறந்துவிட்டால் அயற்காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் எல்லை விபரத்தில் உங்கள் தகப்பன் பெயரோ பாட்டன் பெயரோ இருக்கக்கூடும். பிரிவிடாத பங்குக் காணியானால் வெளிநாட்டிலுள்ள பங்காளர்களிடம் அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கி, ஊருக்குப் போய்வரக்கூடிய ஒருவர் பெயரில் வைத்துக்கொள்வது நல்லது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. விசேட இதழ்கள் எந்த நாளிலும் வரலாம். ஊர்ச் சங்கமோ நலன்புரி நிலையமோ ஒருவரை நியமித்து, தீவகத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் அதில் வந்திருக்கின்றனவா என்று வாரந்தோறும் பார்க்கச் செய்யலாம்.